இலவு காத்த கிளி செய்த தவறு

இலவு காத்த கிளியின் கதையை அறியாத தமிழர் இருக்க மாட்டார்கள். காய் பழுக்கும், பழுத்தால் தின்னலாம் என்று அந்தக் கிளி மாதக்கணக்கில் மரத்தையே சுற்றிச் சுற்றி வந்ததாம். கடைசியில் காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்ததாம். நடக்காத ஒன்றுக்காகக் காத்துக் கிடப்பவர்களைக் கேலி செய்ய நம் முன்னோர் வைத்த பழமொழி இது. நான் போடிநாயக்கனூர்ப் பக்கம் பிறந்தவள். இலவ மரங்களைப் பார்த்து வளர்ந்தவள். காய் வெடிக்கும் பருவத்தில் பஞ்சு பறந்து தலையிலும், கொடியில் காயும் துணியிலும், சில நாட்களில் சோற்றுப் பானையிலும்கூட வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் அப்பத்தா அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே, “பாவம்டி அந்தக் கிளி” என்பாள். நானும் ஐம்பது வருடங்களாகக் கிளியைப் பாவம் என்றே நினைத்திருந்தேன். 2025ஆம் வருடத்து மாசி மாதத்துக்குப் பிறகு எனக்கு அந்தப் பரிதாபம் போய்விட்டது. கிளி ஏமாற்றப்படவில்லை. அது ஒரு தவறு செய்தது. அது என்ன தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த வருடம் ஜனவரி 31ஆம் தேதி என் கணவர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, சமோசா, தேநீர் எல்லாம் முறைப்படி நடந்தன. ஆனால் ஏற்புரை என்று எழுந்தவர் நான்கு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். குரல் வரவில்லை. நவம்பரிலிருந்தே குரல் கம்மியிருந்தது. நவம்பர் மாதத்துத் தில்லிப் புகையில் யாருக்குத்தான் தொண்டை கட்டவில்லை என்று நாங்கள் மிளகுப் பாலும் அதிமதுரமுமாகக் காலத்தை ஓட்டினோம். (மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள்.) ஜனவரியில் காட்டினோம். தொண்டையில் கட்டி. சதையைக் கிள்ளிப் பரிசோதித்ததில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கழுத்துப் பகுதியையும் சேர்த்து முப்பத்தைந்து முறை கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள்.

துன்பம் தனியாக வராது என்பார்கள். ராமகிருஷ்ணபுரத்தில் இருபத்திரண்டு வருடங்கள் குடியிருந்த அரசாங்க குவார்ட்டர்ஸை, ஓய்வு பெற்றுவிட்டதால் சில மாதங்களில் காலி செய்தாக வேண்டும். ஊருக்குத் திரும்புவதா, மகன் இருக்கும் பெங்களூருக்குப் போவதா, தில்லியிலேயே வாடகைக்கு வீடு பார்ப்பதா என்று தீர்மானமாகவில்லை. சிகிச்சை எப்படி முடியும் என்று தெரியாமல் எதைத் தீர்மானிப்பது? மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு வரன், நோய்ச் செய்தி தெரிந்ததும் மெல்ல நழுவிப்போனது. பாதி கட்டிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு, எந்தப் பெட்டியில் எதை வைத்தோம் என்று தேடிக்கொண்டு வாழ்ந்தோம். அப்போது என் வாயில் ஓயாமல் வந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: “இதெல்லாம் முடியட்டும்.”

இதெல்லாம் முடியட்டும், சங்கத்துக்கு வருகிறேன். இதெல்லாம் முடியட்டும், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். இதெல்லாம் முடியட்டும், நிம்மதியாக ஒரு காப்பி குடிக்கிறேன். இலவங்காய் பழுக்கட்டும் என்று கிளி சொன்னதும் இதே வாக்கியம்தான்.

கதிர்வீச்சு பிப்ரவரி 10ஆம் தேதி, திங்கட்கிழமை தொடங்கியது. சனி, ஞாயிறு போக, மகாசிவராத்திரி, ஹோலி, ரம்ஜான் ஆகிய மூன்று விடுமுறைகளும் போக, ஏப்ரல் 2ஆம் தேதி முடிந்தது. இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தில்லியில் வசந்தம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஏறக்குறைய இதே தேதிகளுக்குள் வந்து போய்விடுகிறது.

நம் தமிழ்க் கணக்குப்படி இது வசந்தமே இல்லை. மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் தில்லியில் சித்திரை பிறந்தால் அனல் காற்றை எதிர்பார்க்க வேண்டியதுதான். இங்கே வசந்தம் என்பது ரஜாயை மடித்து வைப்பதற்கும் ஏர்கூலரைத் துடைத்து வைப்பதற்கும் இடைப்பட்ட ஐந்தாறு வாரம். நாற்பது வருடம் தில்லியில் இருந்தும் நம்மில் பலர் இதைத் தவறவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பஞ்சாங்கம் ஒரு காலத்தைச் சொல்கிறது, ஜன்னலுக்கு வெளியே வேறொரு காலம் நடக்கிறது. போதாக்குறைக்கு இந்த வாரங்களில்தான் பிள்ளைகளின் போர்டு பரீட்சை, அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, வருமான வரிக் கணக்கு எல்லாம். தில்லிக்காரருக்கு வருடத்தின் மிக அழகான மாதமும் மிக மோசமான மாதமும் ஒன்றே.

சிகிச்சைப் பிரிவு மருத்துவமனையின் நிலவறையில் இருந்தது. கதிர்வீச்சுக் கருவிக்குக் கனமான சுவர்கள் வேண்டும் என்பதால் பல இடங்களில் இப்படித்தான் அமைக்கிறார்களாம். ஜன்னல் கிடையாது. பகலா, இரவா தெரியாது. நோயாளியின் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து, சூடான நீரில் இளக்கிய ஒருவகைப் பிளாஸ்டிக் வலையில் மாஸ்க் செய்திருப்பார்கள். தினமும் அதை முகத்தின்மேல் வைத்து மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அசையக் கூடாது. உள்ளே கால் மணி நேரம்தான். ஆனால் முறை வருவதற்கு ஒரு மணி, இரண்டு மணி ஆகும். முதல் நாள் அந்த நிலவறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்: “நீ மேலே போய் நில். இங்கே உட்கார்ந்து நீ என்ன செய்யப் போகிறாய்?”

மேலே போனேன். கட்டிடத்தின் பின்புறம், ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தை ஒட்டி, ஒரு பெரிய மரம். ஒரு இலை இல்லை. கிளை முழுக்கக் கையகலச் சிவப்புப் பூக்கள். இங்கே சேமல் என்பார்கள். நம் ஊர் இலவத்தின் ஒன்றுவிட்ட சகோதரி. அடிமரமெல்லாம் முள்ளாக இருப்பதால் முள்ளிலவு என்று நம் பக்கம் பெயர். நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு பூ ‘பொத்’ என்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. பூ விழுந்து சத்தம் கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை. அத்தனை கனம். எடுத்துப் பார்த்தேன். சதைப்பற்றான ஐந்து இதழ்கள், நடுவே கற்றையாக மகரந்தக் காம்புகள், அடியில் தேன் ஈரம்.

மேலே அண்ணாந்து பார்த்தால் அங்கே ஒரு திருவிழாக் கூட்டம். மைனாக்கள், காக்கைகள், கொண்டைக்குருவிகள், தேன்சிட்டுகள், அணில்கள். எல்லாரும் பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கிளிகளும் இருந்தன. ஐந்தாறு பச்சைக் கிளிகள், ஒரு காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு, பூவைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. காய்க்காக எதுவும் காத்திருக்கவில்லை.

பழமொழிக் கிளியின் தவறு எனக்கு அப்போதுதான் புரிந்தது. காய் பழுக்காது என்பதை அறியாதது அதன் தவறு அல்ல. அது யாருக்குத்தான் தெரியும்? மருத்துவருக்கே முழுதாகத் தெரியாது. காய்க்கு முன்னால் பூ என்று ஒன்று வந்ததே, அதில் தேன் இருந்ததே, அதைத் தொடாமல் காயையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தவறு.

அன்றிலிருந்து அவர் உள்ளே போனதும் நான் மேலே போய்விடுவேன். அங்கே எனக்கு ஒரு துணையும் கிடைத்தது. கோரக்பூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். கணவனுக்கு வாயில் புற்று. மருத்துவமனைக்கு அருகே ஒரு தர்மசாலையில் தங்கியிருந்தாள். அவள் தினமும் உதிர்ந்து கிடக்கும் சேமல் மொக்குகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொள்வாள். எதற்கு என்று என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். கறி செய்ய என்றாள். அவர்கள் ஊரில் ஹோலிக்கு முந்திய வாரங்களில் மொக்கை நறுக்கி உருளைக்கிழங்கோடு வதக்குவது வழக்கமாம். ஒரு நாள் ஒரு சின்னத் தூக்கில் எனக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். கடுகெண்ணெய் வாசனையோடு, கொஞ்சம் வழவழப்பாக, நன்றாகத்தான் இருந்தது. படுக்க ஒரு பாய் இடமும் ஒரு ஸ்டவ்வும் மட்டும் இருந்த அந்தப் பெண் எனக்கு விருந்து வைத்துவிட்டாள். ‘இதெல்லாம் முடியட்டும்’ என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் கறியை யார் சமைத்திருப்பார்கள்?

இன்னொரு காலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 17ஆம் தேதி விடியற்காலை 5 மணி 36 நிமிடத்துக்குத் தில்லியில் நிலநடுக்கம் வந்தது வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். ரிக்டர் அளவில் 4 என்றார்கள். பெரிய அளவு இல்லை. ஆனால் மையம் வெளியூரில் இல்லை. தௌலா குவான் பக்கத்திலேயே, தரைக்கு வெகு அருகில். எங்களுக்கு அது கூப்பிடு தூரம். லாரி ஒன்று வீட்டுக்குள் புகுந்தது போல ஒரு சத்தம். பெட்டிகள் சரிந்தன. மூன்று மாடியிலிருந்தும் எல்லாரும் போர்வையோடு இறங்கி ஓடி வந்து கீழே புல்தரையில் நின்றோம். குவார்ட்டர்ஸ் போகிறது, குரல் போகிறது, இப்போது காலுக்குக் கீழே பூமியும் போகிறதா என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வர வேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு. அவரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

கீழ்த்தளத்துப் பஞ்சாபி அம்மாள் பெரிய பாத்திரத்தில் இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வருடங்களில் எங்கள் பிளாக்கில் எல்லாரும் ஒன்றாக நின்று தேநீர் குடித்தது அன்றுதான். விடிந்துகொண்டிருந்தது. அரச மரத்தில் ஒரு குக்குறுவான் ‘டொக், டொக், டொக்’ என்று கன்னான் செம்பு தட்டுவது போலத் தொடங்கியது. பனிக்காலம் முழுக்க அதிகம் வாய் திறக்காத பறவை, வெயில் ஏறத் தொடங்கினால் நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கும். அவர் என் கையைத் தொட்டுக் காதைக் காட்டினார், ‘கேட்கிறதா?’ என்பது போல. அன்று ஆறாவது முறை கதிர்வீச்சு. அன்று நான் நிலவறைக்குப் பயப்படாமல் இறங்கினேன்.

நிற்க. இதையெல்லாம் படித்துவிட்டு, ‘வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது பூவாவது குருவியாவது’ என்று சிலர் நினைக்கக்கூடும். என்னிடமே சொன்னவர்கள் உண்டு. மார்ச் முதல் வாரத்தில் ஒரு உறவுக்காரர் ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரித்தார். மரத்தடியில் நின்றிருந்த நான் ஏதோ உற்சாகத்தில் சேமல் பூவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “உனக்கு மனசு திடந்தாம்மா” என்றார். அது பாராட்டு இல்லை என்பது அவர் சொன்ன தொனியில் தெரிந்தது. நோயாளியின் மனைவி என்றால் முகம் வாடியிருக்க வேண்டும், தலை கலைந்திருக்க வேண்டும், யார் வந்தாலும் ஆதியிலிருந்து கதை சொல்லி அழ வேண்டும் என்று நம்மிடையே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கவலைப்படுவதை அன்பின் அளவுகோலாக வைத்துவிட்டோம். சிரித்தால் அன்பு குறைந்துவிட்டது என்று கணக்கு.

இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டமும் உண்டு. “பாசிட்டிவ்வாக இருங்கள், எல்லாம் மனசில்தான் இருக்கிறது, சந்தோஷமாக இருந்தால் வியாதி ஓடிப்போகும்” என்பவர்கள். இவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. இதை நம்பினால், குணமாகாதவர் எல்லாம் போதுமான அளவு சந்தோஷப்படாதவர் என்றல்லவா ஆகிறது? நோயோடு குற்றத்தையும் சேர்த்துச் சுமத்துகிற பேச்சு இது. பூவைப் பார்த்ததால் என் கணவரின் கட்டி கரையவில்லை. கட்டியைக் கரைக்கும் வேலையைக் கதிர்வீச்சும் மருத்துவர்களும் செய்தார்கள். “பூவைப் பார்த்தால் புண் ஆறுமா?” என்று அவரே ஒரு நாள் நோட்டில் எழுதிக் கேட்டார். ஆறாது என்றேன். ஆனால் அன்று இரவு நான் தூங்கினேன். தூங்கி எழுந்தவள்தான் காலையில் கஞ்சியைக் கட்டியில்லாமல் கிண்ட முடியும், உப்பும் சோடா உப்பும் கலந்த நீரை வேளை தவறாமல் கொப்பளிக்கக் கொடுக்க முடியும், எரிந்து விழாமல் இருக்க முடியும். சின்னச் சந்தோஷத்தின் பயன் இவ்வளவுதான். நான் அதற்கு மேல் எதுவும் கோரவில்லை. ஆனால் அந்த ஏழு வாரத்தில் இவ்வளவே எனக்குப் பெரிதாக இருந்தது.

எனவே சங்கத்து நண்பர்களுக்கு ஒரு யோசனை. நோயாளி இருக்கும் வீட்டுக்கு நாம் கூட்டமாகப் போகிறோம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிப் போகிறோம். தொண்டைப் புண்காரருக்கு ஆப்பிள் எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. நோயைப் பற்றி விசாரித்து, நமக்குத் தெரிந்த வேறொருவருக்கு இதே நோய் வந்து என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட்டு வருகிறோம். அதற்குப் பதிலாக இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் நோயாளியோடு அரை மணி நேரம் உட்காருங்கள். மற்றவர் அந்த வீட்டுப் பெண்ணையோ, பார்த்துக்கொள்கிற பிள்ளையையோ பக்கத்துப் பார்க்குக்கு அழைத்துப் போங்கள். பேச வேண்டாம். சும்மா நடந்தால் போதும். எனக்கு அப்படிச் செய்தது சங்கத்து நூலகத்தில் மட்டும் பழக்கமான ஒரு அம்மாள். மார்ச் நடுவில் வந்து, “நீ செருப்பைப் போடு, ஐயாவை எங்க வீட்டுக்காரர் பார்த்துக்குவார்” என்று இழுத்துப் போனார். பார்க் ஓரத்தில் முசுக்கட்டை மரம் காய்த்திருந்தது. எட்டிப் பறித்து ஆளுக்குப் பத்துப் பழம் தின்றோம். விரலெல்லாம் ஊதா. திரும்பி வந்தபோது என் விரலைப் பார்த்து அவர் புருவத்தை உயர்த்தினார். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் குற்ற ஒப்புதல். தில்லி வசந்தம் என்றால் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம். முகல் தோட்டம் என்று நாம் அறிந்த அது 2023 ஜனவரியிலிருந்து அம்ருத் உத்யான். அல்லது சாந்தி பத்தில் நெதர்லாந்திலிருந்து கிழங்கு வரவழைத்து நட்ட டூலிப் பூக்கள். எல்லாம் அழகுதான். ஆனால் அங்கெல்லாம் போகத் திட்டமிட வேண்டும், நேரம் வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும். எங்களிடம் மூன்றும் இல்லை. இடிந்துபோயிருக்கும் மனிதருக்கு நாற்பது அடி தூரத்துக்குள் கிடைக்கும் சந்தோஷம்தான் சந்தோஷம். ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்துச் சேமல் எனக்குக் கிடைத்தது, அதை யாரோ வெட்டாமல் விட்டிருந்ததால்தான்.

2018 ஜூன் மாதம் எங்களுக்கு அடுத்த பேட்டையான சரோஜினி நகரில் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்று போராடினார்கள். சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் முதலிய பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்துக்காகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் போகும் என்ற நிலை. உயர் நீதிமன்றம் அப்போது வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நான் அந்தப் பக்கம் காய்கறி வாங்கப் போனவள், கையில் அட்டையோடு நின்றவர்களைப் பார்த்து, “மனுஷங்களுக்கே வீடு இல்லை, இவங்களுக்கு மரம்” என்று கூட வந்தவரிடம் சொன்னேன். மரத்தைக் காப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது என் எண்ணம். ஏழு வருடம் கழித்து, கையில் காசும் மனதில் தெம்பும் இல்லாமல் நின்ற நாளில், நானும் கோரக்பூர்ப் பெண்ணும் போய் ஒண்டியது ஒரு மரத்தடியில்தான்.

தில்லியில் மரங்களைப் பாதுகாக்க 1994ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. அனுமதியோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாக வேறிடத்தில் கன்று நட வேண்டும் என்கிறார்கள். கணக்குக்கு இது சரி. ஆனால் இங்கே உள்ள மரம் செய்கிற வேலையை, நகரத்தின் எல்லையில் நட்ட கன்று செய்யுமா? அந்தக் கன்று பிழைத்துப் பெரிதாகிப் பூக்கும்போது, இங்கே நிலவறையிலிருந்து மேலே வந்து மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடில்லாமல் அலைந்தவள் நான். படம் வரைகிறவர்கள் கட்டிடத்தோடு சேர்த்து மரத்தையும் வரையட்டும் என்கிறேன். நம் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில், கார் நிறுத்த இடம் போதவில்லை, குப்பை விழுகிறது என்று கிளையை வெட்டச் சொல்லி மனு வரும்போது, கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள் என்கிறேன். மார்ச்சில் வேம்பும் அரசும் இலையுதிர்ப்பது குப்பை அல்ல. அதுதான் தில்லியின் வசந்தம். அந்தச் சருகுக்குப் பின்னாலேயே செம்புநிறத் தளிர் வருகிறது.

ஏப்ரல் 2ஆம் தேதி சிகிச்சை முடிந்தது. முடிந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்திருந்தேனே, ஆகவில்லை. அடுத்த வாரங்கள்தாம் அவருக்குக் கடுமையாக இருந்தன. எச்சில் வற்றிவிட்டது. நாக்கில் ருசி அடியோடு இல்லை. எதைக் கொடுத்தாலும் ‘மண்’ என்று எழுதுவார். ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு. எங்கள் பிளாக்கு வேம்பு அப்போதுதான் பூத்திருந்தது. அந்த வீட்டில் கடைசி வருடப் பிறப்பு என்று தெரிந்திருந்ததால், முதல் நாள் இரவே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் போட்டேன். விடிந்ததும் வேட்டி முழுக்கப் பூ. பச்சடி செய்து அவர் நாக்கின் நுனியில் துளி வைத்தேன். கண்ணை மூடிப் பார்த்தார். தலையை ஆட்டினார். கசப்பும் தெரியவில்லை, வெல்லமும் தெரியவில்லை. மீதிப் பூவைக் காயவைத்து டப்பாவில் போட்டு, மேலே ‘ஆர்.கே.புரம் வேம்பு’ என்று எழுதி ஒட்டிப் பெட்டியில் வைத்தேன்.

ஜூலையில் துவாரகாவில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். ஆகஸ்டில் ஒரு நாள் அந்த டப்பாவைத் திறந்து, நெய்யில் பூவை வறுத்து ரசம் வைத்தேன். அவருக்குக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். உடைந்த குரலில், “என்ன இது, இப்படிக் கசக்குது!” என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இன்னொரு வாய் குடிக்கச் சொன்னேன். மறுபடியும் கசக்கிறது என்றார். மூன்றாவது வாய் கேட்காமலே குடித்தார்.

இன்னும் எதுவும் முழுதாக முடிந்துவிடவில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனைக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை வயிற்றைக் கலக்குகிறது. ஊரா, தில்லியா என்ற கேள்வியும் அப்படியே இருக்கிறது. ஆனால் ‘இதெல்லாம் முடியட்டும்’ என்று மட்டும் நான் சொல்வதில்லை. துவாரகா வீட்டுக்கு எதிர்ச் சாலை முனையில் சின்னச் சேமல் மரம் ஒன்று இருப்பதைக் குடிவந்த வாரமே பார்த்து வைத்துவிட்டேன். மாசி பிறந்தால் அதன் அடியில் போய் நிற்பதாக உத்தேசம். அந்தப் பக்கம் இருக்கும் வாசகர்கள் வந்தால் சேர்ந்து நிற்கலாம். கஷ்டத்தில் இருப்பவர்கள் அவசியம் வாருங்கள்.